தெரசா ஆன்ட்டியின் முகவரியில் வந்த விளம்பரம்

எதிர்வீட்டு தெரசா ஆன்ட்டி போன வருடம் காணாமல் போனபோது, அவர் படத்தோடு ஓர் இணையதளம் செய்து கொடுத்தவன் நான்தான். அந்த இணைய முகவரிக்கு வருடக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க மறந்துவிட்டேன்.

இன்று காலை அவர் கணவர் வந்தார்.

"தம்பி, சைட்ட தொறந்தா ஆன்ட்டி போட்டோவ காணோம். யாரோ ஒரு பொண்ணு, தனியா இருக்கீங்களா, பேசலாமான்னு கேக்குது. மூடினா இன்னொண்ணு தொறக்குது."

வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கி விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"ஆன்ட்டிய பாத்துட்டு நமக்குச் சொல்ல வந்தவங்க, இதப் பாத்துட்டுப் போயிருந்தா?"

மார்க்கரை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

எங்கள் பகுதியான மாரெட்பள்ளியின் சுவர்களில் அங்கிள் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில் அந்த முகவரியை அடித்துவிட்டு, போன் நம்பரைப் பெரிதாக எழுதி வந்தோம்.

அடிக்காமல் விட்டுப்போன நோட்டீஸ் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். மார்க்கரில் இன்னும் மை இருக்கிறது.