கேட்டில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர்

கொரோனா அடங்கி, கம்பெனி பஸ்கள் மறுபடியும் வரிசை கட்டி ஓட ஆரம்பித்த சமயம் அது. இன்னும் சரியாகச் சொல்வதென்றால், எங்கள் ஏரி மதகு உடைந்து கெண்டை மீனெல்லாம் ஒரகடம் ரோட்டுக்கு வந்ததே, ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கழுத்தில் ஐடி கார்டு தொங்கத் தொங்க டிபன் பாக்ஸில் மீனை அள்ளினார்களே, அதற்கு அடுத்த தை மாதம். அந்தத் தையில்தான் என் மச்சான் புது போன் வாங்கினான். அந்தப் போனிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு கறுப்பு ஸ்டிக்கர் என் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. மிளகு அளவுதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், என் வீட்டுக்காரி குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டிய பொட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சவரம் செய்ய நிற்கும்போதெல்லாம் அது என் கன்னத்துக்கு நேராக வந்து நிற்கிறது. பார்த்தவுடன் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. நானும் அவனும் ஒரே கம்பெனியில் காண்டிராக்ட்காரன் கீழே தோட்ட வேலை பார்த்தோம். தோட்டம் என்றால் கத்தரியும் வெண்டையும் இல்லை, புல். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற புல். அதற்குத் தண்ணீர் விட்டு, வெட்டி, வாரிக் கொட்டி, மறுபடி தண்ணீர் விடுவது. இதற்கு இரண்டு பேர், எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர், அவனுக்கு மேலே இன்னொருவன். சரி, அதை விடுங்கள். அந்தக் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே படம் பிடிக்கக் கூடாது என்பதால், போனோடு போகிறவர்களின் கேமரா மேல் செக்யூரிட்டிக்காரர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் பிய்க்க வேண்டும். உள்ளேயே பிய்த்தால் வேலை போய்விடும். அதனால் ஸ்டிக்கர் என்றால் எங்களுக்குச் சாமி கயிறு மாதிரி. கை படவே பயம்.

மச்சானுக்கு ஒரே மகள். போன் தயாரிக்கிற கம்பெனியில் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற லைனில் நின்றாள். அங்கேயே தெற்கத்திப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், அவனோடு போய்விட்டாள். பங்காளிகள் கூடி, சாதி விட்டுப் போனவளைத் தலைமுழுக வேண்டும் என்றார்கள். இதே பங்காளிகள்தான் நிலம் விற்ற பணத்தில் வரிசையாக ரூம் கட்டித் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள். வாடகை வாங்கும்போது எந்த வாயும் சாதி கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெண் "நைனா, ஒருவாட்டி என்னைப் பாரு நைனா" என்று கையைப் பிடித்தபோது, மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். கோபம் என்று அவள் நினைத்தாள். உள்ளே அழுதுகொண்டிருந்தான் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

மூன்று நான்கு வருஷம் பேச்சே இல்லை. பிறகு எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவிய ஒரு பெண், முன்பு அவளோடு ஒரே ரூமில் இருந்தவளாம், நடுவில் நின்று மச்சானின் நம்பரை வாங்கி அவளிடம் கொடுத்தாள். அதற்காகத்தான் புது போன். மகள் நின்ற அதே கம்பெனி போன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினான். "எம் பொண்ணு கை பட்டதா இருந்தாலும் இருக்கும் மாமா" என்று சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டான். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. பங்காளிகள் மேல் பயம். முதலில் வீடியோவில் பேசலாம், அப்புறம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதல் கால் வந்தது. நானும் அவனும் கம்பெனிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் இருந்தோம். அவள் முகம் தெரிந்தது. மடியில் ஒரு குழந்தை. மச்சான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் சொன்னாள்: "நைனா, உன் மூஞ்சி தெரியல. ஒரே கறுப்பா கீது."

"இங்கதாம்மா கீறேன். புது போனு, இன்னா எழவோ தெரியல."

மறுமுறையும் அப்படித்தான். மூன்றாம் முறை அவள் குரல் மாறிவிட்டது. "நான் அந்த லைன்ல நின்னவ நைனா. கேமரா வேலை செய்யாம ஒரு போன் வெளிய வராது. மூஞ்சி காட்ட இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு. அன்னைக்குத் துண்டு, இன்னைக்குப் போனா?" குழந்தை பின்னால் "தாத்தா, தாத்தா" என்று திரையைத் தட்டியது. அவ்வளவுதான், கால் கட்டானது. பின்பக்கக் கேமராவைத் திருப்பி முகத்தைக் காட்டியிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இப்போது!

அன்றைக்கே ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரன் சிக்கன் பக்கோடா தின்றுகொண்டிருந்தான். அதே கையால் போனை வாங்கினான். முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்து, "சாப்ட்வேர் ப்ராப்ளம் பெர்சு. ஆப் பண்ணி ஆன் பண்ணு" என்றான். பண்ணினோம். அப்டேட் என்றான். ஒரு மணி நேரம் வட்டம் சுற்றியது. கேமராவுக்குப் பர்மிஷன் இல்லை என்று எதையோ அமுக்கினான். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரில் மாட்டினான். கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. "சார்ஜ் ஏறுது, ஆனா கனெக்ட் ஆவல" என்று ஒயரை மாற்றினான். இன்னொரு ஒயர். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவன் பல்லிடுக்கில் குத்திக்கொண்டிருந்த குச்சியை எடுத்து, அதே குச்சியால் போனில் சார்ஜ் போடுகிற ஓட்டையைக் குடைந்தான். எங்கள் புல்லுத் தூசியும் சட்டைப்பை நூலும் பந்தாக வந்தது. அதை ஊதிவிட்டுக் குச்சியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"பாத்தியா பெர்சு, இனிமே நம்ம கையில. புது சாப்ட்வேர் போட்டா சரியாயிடும்."

"தம்பி, உள்ள ஒரு நம்பர் கீது. எம் பொண்ணு நம்பர். அது போயிடாதே?"

"அதெல்லாம் தானா திரும்ப ஏறிடும். வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வா."

மறுநாள் போனோம். போன் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. நம்பர் இல்லை. அவள் அனுப்பிய குழந்தை போட்டோ இல்லை. கேட்டதற்கு, "உன் ஜிமெயில் இன்னா? பாஸ்வேர்டு இன்னா?" என்று எங்களையே கேட்டான். போன் விற்ற கடைப் பையன் அவசரத்தில் எதையோ போட்டுக் கொடுத்தது. எங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், மச்சானுக்கு அதுவும் கோணல். சரி, கேமராவாவது தெரிகிறதா என்று பார்த்தால் அதே கறுப்பு. "ஆர்டுவேர் ப்ராப்ளம், போர்டு மாத்தணும்" என்று கூசாமல் சொன்னான். மச்சான் போனைச் சட்டையில் துடைத்தான். சிக்கன் எண்ணெய் போகவில்லை.

நேரே கேன்டீனுக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடினோம். காண்டிராக்ட் முடிந்தது, பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை என்றார்கள். எந்த ஊர் என்று காண்டிராக்ட்காரனைக் கேட்டால், "எனக்கு இன்னா, கல்யாணத்துக்கா பொண்ணு பாக்குறேன்?" என்று சிரிக்கிறான். மனுஷர்களை வாரிக் கொண்டுவந்து, வெட்டிய புல்லை மாதிரி கொட்டிவிட்டுப் போகிறவன். அவனுக்கு ஊர் எதற்கு? மகளிடமிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை. போன் கடையில் கிடந்த அன்று அவள் கூப்பிட்டாளோ, அணைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாளோ, யார் கண்டார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என் வீட்டுக்கு வந்தான். போன் கீழே விழுந்து, மேலே ஒட்டியிருந்த கண்ணாடி தூள் தூளாக விரிந்திருந்தது. போன் வாங்கிய வாரம் ரோட்டோரத்தில் ஒட்டிய கண்ணாடி அது. கையைக் கிழிக்கிறது என்று என் வீட்டுக்காரி கத்தி முனையால் அதை நெம்பி எடுத்தாள். கண்ணாடியின் அடியில், போனின் நெற்றியில், ஏதோ கறுப்பாகப் பிசுபிசுத்தது. நகத்தால் சுரண்டினான். மிளகு அளவு கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கண் மினுங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன் வாங்கிய அடுத்த நாள் கேட்டில் புது செக்யூரிட்டி நின்றான். வழக்கமான சிவப்பு ஸ்டிக்கரைப் பின்னால் ஒட்டியவன், முன்னாலும் ஒன்று ஒட்டியிருக்கிறான். அது கறுப்பு. போனுக்கு முன்பக்கமும் கண் உண்டு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லாப் போனிலும் அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி இருக்கத்தானே செய்கிறது. மச்சான் பின்னால் இருந்த சிவப்பை மட்டும் பிய்த்தான். அந்த ஞாயிறே மேலே கண்ணாடி ஒட்டி, கறுப்பை உள்ளேயே புதைத்துவிட்டான். அதற்குப் பிறகு தினமும் கேட்டில் சோதித்தவர்களும், கம்ப்யூட்டரில் மாட்டிக் குடைந்தவனும், ஒருவனாவது அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரி எதையோ அமுக்கினாள். திரையில் மச்சான் முகம் வந்தது. சவரம் செய்யாத முகம். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போனிடம் சொன்னான்: "இங்கதானே கீறேன்." எழுந்துபோய் அந்த ஸ்டிக்கரை என் வீட்டுக் கண்ணாடியில், அக்காவின் பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். "இருக்கட்டும் மாமா. அவ வந்தா காட்டணும்" என்றான்.

அந்த ஆடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. மகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு நம்பர் இல்லை. தலைமுழுகச் சொன்ன பங்காளிகள் கொள்ளி வைக்க வந்து நின்று, "பெத்த பொண்ணுகூட வரல பாரு" என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்னும் இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன். அந்தக் கேட் பக்கம் போவதில்லை. மச்சானின் போனுக்கு மட்டும் தினமும் சார்ஜ் போடுகிறேன். அவன் நம்பர் அதே நம்பர்தான், சாக விடவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களிடம் இருந்து போன் வருகிறது, லோன் வேண்டுமா என்று கேட்டு வருகிறது. அவள் மட்டும் கூப்பிடவில்லை.

அந்தக் கறுப்பு ஸ்டிக்கரின் பசை காய்ந்து ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது. விழுந்தால் எடுத்து மறுபடி ஒட்டுகிறேன். இதைக் கேட்ட நீங்கள் பல ஊர் போகிறவர்கள், பல கம்பெனியில் நிற்கிறவர்கள். உங்கள் பஸ்ஸிலோ ரூமிலோ பிள்ளைப்பாக்கம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தால், தாடையில் தையல் போட்ட தழும்பு, அப்பாவை நைனா என்று சொல்லுவாள், அவளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். போனில் உன் நைனா முகத்தை மூடவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.