இட்லி கொப்பரையில் பூத்த வெள்ளை

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகித் திண்டுக்கல்லில் நான் தனிக்குடித்தனம் வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு விவசாய இலாகாவில் வேலை. மனுஷர் தங்கம். ஆனால் எந்தச் செடியில் சீக்கு கண்டாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். என் அடுக்களையில் வெஞ்சனத்துக்கு வாங்கிய கத்தரிக்காயைவிடச் சொத்தைக் கத்தரிக்காய்தான் அதிகம் கிடக்கும்.

ஒருநாள் சாயங்காலம் நெய்க்காரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு முதல்முறையாக மக்காச்சோளம் போட்டவர். இலையெல்லாம் கோடு கோடாக வெளிறிய சில செடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சத்துக் குறைவென்றால் உரம் வைத்துத் தேற்றிவிடலாம். பூசண நோய் என்றால் நோய்ப்பட்ட செடிகளையெல்லாம் பிடுங்கி எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோளக்காடு முழுக்கப் பரவிவிடும். பகலில் பார்த்தால் எதுவென்று பிடிபடாதாம். ராத்திரி ஈரத்தில்தான் பூசணம் இலையடியில் பூக்குமாம்.

அதற்கு இவர் எடுத்த பாத்திரம், எங்கம்மா சீராகக் கொடுத்த இட்லி கொப்பரை! இலைகளைக் கழுவி, ஈரத்துணி விரித்து, உள்ளே அடுக்கி மூடினார். நான் போட்ட சத்தத்துக்கு அசையவே இல்லை. கடைசி பஸ் போய்விட்டதால் விவசாயி எங்கள் முன்னறையிலேயே படுத்துக்கொண்டார்.

விடியற்காலையில் எழுந்ததும் முதல் காரியமாகக் கொப்பரையைத் திறந்தேன். இலையடியில் விபூதி பூசியதுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னங்க, ஓடியாங்க! பூத்திருச்சு!" என்று கத்தினேன்.

லென்ஸோடு ஓடிவந்தார் இவர். "பூசணம்தான்! அடிச்சாம்பல் நோயேதான்! இம்புட்டு நாளும் படத்துலதான் பாத்திருக்கேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நிமிர்ந்தால், அடுக்களை வாசலில் விவசாயி. எங்கள் சிரிப்பைப் பார்த்து அவர் முகமும் மலர்ந்திருந்தது. "நல்ல சேதிங்களா?" என்றார்.

ஐயோ, அந்த முகம்! என் வீட்டுக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

செத்த நேரம் கழித்து அவரே எழுந்தார். "நீங்க எதுக்குங்க அம்மிணி அழுவறீங்க? இன்ன சீக்குன்னு தெரிஞ்சாத்தானுங்களே மிச்சத்தையாச்சும் காப்பாத்தலாம்" என்றார். பிறகு கொப்பரையை எட்டிப் பார்த்து, "எனக்கு இட்லி மட்டும் வேண்டாமுங்க" என்றாரே பார்க்கலாம்! அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அவசரமாக உப்புமா கிண்டினேன். சாப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மூவரும் அவர் காட்டுக்குப் போனோம். விவசாயியின் சம்சாரத்தோடு சேர்ந்து நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடி பிடுங்கினேன். காட்டில் பாதிக்கு மேல் தப்பித்தது. அவ்வளவுதான் மிஞ்சியது என்றாலும், அறுவடையானதும் கதிர்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள் இருவரும்.

அதன் பிறகு எத்தனையோ பேர் இலையும் தண்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சீக்கு இன்னதென்று கண்டுபிடித்தாலும் என் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார். வந்தவரை உட்காரவைத்து, என்னைக் காப்பி போடச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். நமக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுவது எதிரே நிற்பவருக்கு வயிற்றுப்பாடாக இருக்கலாம் என்பதை, தன் காடு போகிற வேளையிலும் என்னைச் சிரிக்கவைத்த அந்த நல்ல மனுஷரால்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.