அண்ணனின் தாளுக்கு நான் போட்ட உறை

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் அண்ணன் இறந்த பிறகு, அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை அண்ணி என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். மழை பெய்தால் எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். நான் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவன். ஈரம் பட்டால் சரக்கு போச்சு என்று பயந்தே பழகியவன். குடும்பத்தார் பெயர்கள் எழுதிய தாள் புத்தகத்திலிருந்து கழன்று வந்திருந்தது. யாரையும் கேட்காமல் அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டேன்.

இந்த வருடம் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்தாள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு கிடைத்தால்தான் அவள் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம். அதற்கான சான்றிதழை வாங்க நானும் அண்ணியும் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே எழுத்தராக இருந்தவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். தாளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"திருப்பூர்க்காரங்க எதைக் கண்டாலும் கவர் போட்டு பேக் பண்ணிருவீகளோ? புள்ளைக்கு சர்டிபிகேட் குடுத்தோம்னு இதுலதாம்மா எழுதி சீல் வைக்கணும். பிளாஸ்டிக்ல மை நிக்குமா? யாரு பண்ணுனது?"

"எங்க ஊட்டுக்காரரு இருக்கறப்பவே போட்டு வெச்சிருப்பாருங்க" என்றார் அண்ணி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு போட்டிருக்க மாட்டாரும்மா. இதுல இன்னும் எழுத வேண்டியது இருக்குன்னு பட்டாளத்துக்காரனுக்குத் தெரியும். புது நகலுக்கு எழுதிப் போட்டா மாசக்கணக்கா ஆகும்."

என் போன் அடித்தது. அண்ணன் மகள். "சித்தப்பா, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தோணுமாம். வாங்கியாச்சுங்களா?"

"ஆயிட்டு இருக்குது கண்ணு" என்றேன்.

எழுத்தர் கொஞ்சம் இறங்கி வந்தார். "கெடுத்தவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, ஆபீசர்கிட்ட வச்சுப் பாக்கேன். தனித்தாள்ல எழுதி இணைக்கச் சொன்னாலும் சொல்லுவாரு. ஆனா, போனவரு மேல பழியைப் போட்டு எழுத முடியாது."

"நானே எழுதித் தாரனுங்க" என்று அண்ணி பேனாவுக்குக் கை நீட்டினார்.

"அண்ணீ, அது நான் பண்ணுனதுங்க."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, நான் அவரு மேல பழி போட்டப்பக்கூட வாய் தொறக்கலையே?"

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அந்த நான்கு வரியை எழுத அரை மணி நேரம் ஆனது. இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுத்தர் அதை வாங்கி உள்ளே போய் வந்து, "நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. கையெழுத்து ஆச்சுன்னா தாரேன்" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆபீசர் இருக்கையில் இல்லை. மூன்றரைக்கும் வரவில்லை. கம்ப்யூட்டர் கடையில் காத்திருந்த அண்ணன் மகள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது முறை நான் போனை எடுக்கவே இல்லை.

நான்கேகாலுக்குச் சான்றிதழ் வந்தது. என் கை தானாக நீண்டது. அண்ணி முந்திக்கொண்டு வாங்கித் தன் பைக்குள் வைத்தார். கம்ப்யூட்டர் கடைக்கு இருபது நிமிடத்தில் போய்விடும் பஸ்ஸில், அந்தப் பையை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார்.