கப்பலில் பந்திக்கு அழைக்க ஆளில்லை

யாராவது கப்பல் சுற்றுலா என்று வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுக்காரர் "போவாதீங்க, கடலு கொந்தளிக்கும்" என்று கிளப்பிவிடுவார். பொய். நாங்கள் போன கப்பல் ஆடவே இல்லை. அவர் பயமுறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் மகன் எங்கள் இருவருக்கும் மூன்று நாள் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போன் செய்தான். மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பஸ்ஸுன்னா வாந்தி வந்தா நிறுத்துடான்னு கத்தலாம். நடுக்கடல்ல எவனை நிறுத்தச் சொல்றது?" என்றார். ஆலையிலிருந்து எங்கள் கரும்புக்கு வெட்டு ஆர்டர் வந்துவிடும் என்றார். பண்டசோழநல்லூரில் இருக்கும் என் தங்கை புருஷன் தன் பங்குக்குக் கொளுத்திப் போட்டார்: "ஒருத்தனுக்கு வயித்தால போனா கப்பலுக்கே போவுமாம் அண்ணே. போனுல பாத்தேன்."

எனக்கு இருந்தது ஒரே ஆசை. கல்யாணமாகி ஏம்பலத்துக்கு வந்த நாளிலிருந்து தினமும் யாருக்காவது சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாவது யார் தட்டிலும் நான் சோறு வைக்கக் கூடாது. மற்றபடி கப்பல் வடக்கே போனால் என்ன, தெற்கே போனால் என்ன? "நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன்" என்றேன். மனுஷர் அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்.

முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் பிரியாணியிலிருந்து கேக் வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஜனம் தட்டும் கையுமாகப் பாய்ந்தது. இவர் மட்டும் வாசலோரம் ஒரு நாற்காலியைப் பிடித்து, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க, சாப்புடலாம்."

"கூப்புடட்டும்."

"யாரு?"

"சோறு போடறவங்கதான். கூப்புடாம போயி கை நனைக்க நான் இன்னா சோத்துக்கு அலையறவனா?"

எங்கள் பக்கத்து ஆண்கள் இதில் ரொம்பக் கறார். கல்யாணத்துக்குப் போனால் வீட்டு மனுஷர் வந்து கையைப் பிடித்துப் பந்திக்கு அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் பசியோடு திரும்பிவிடுவார்கள். அப்புறம் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. கப்பலில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெள்ளைச் சட்டை போட்ட பரிமாறுகிறவர்கள் இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் வயிறாரச் சாப்பிட்டேன். இவர் அறைக்கு வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை நொறுக்கினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே நாற்காலி. கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது. "ஒரு தட்டுல போட்டு எடுத்தாயேன்."

"இங்க நானும் விருந்தாளிதான்."

சொல்லிவிட்டேனே தவிர, என் கை தன்னால் ஒரு தட்டை எடுத்துவிட்டது. பாவமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரமும் வந்தது. தட்டை வைத்துவிட்டு நேராக அவரிடம் போய், அத்தனை பேர் பார்க்க, கல்யாண வீட்டுக்காரி மாதிரி அவர் கையைப் பிடித்தேன்.

"வாங்க, பந்தி ரெடி. வந்து சாப்புட்டுத்தான் போவணும்."

கையைப் பிடித்து அழைத்த பிறகு மறுக்க முடியாதே! சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்தார். தட்டை அவர் கையில் கொடுத்தேன். சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் கரண்டியோடு நின்றவர் அசையவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"எவ்ளோ போட்டுக்கறது? நான் எவ்ளோ துண்ணுவேன்?"

ஒரு ஏக்கருக்கு எத்தனை டன் கரும்பு தேறும் என்று வரப்பில் நின்றே சொல்கிற மனுஷர். எனக்குச் சிரிப்புப் பீறிக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"போட்டுத் துண்ணு பாருங்க" என்றேன். "பத்தலன்னா நீங்களே திரும்ப வந்து போட்டுக்கலாம்."