பேஜார் என்று ஒரு சொல்

அம்மாவின் அண்ணனான எங்கள் மாமாவுக்குத் தாஷ்கண்டில் ஒரு சிநேகிதர் இருந்தார். மாமா அங்கே படித்தபோது ஒரே அறையில் இருந்தவர். உஸ்பெக் கவிஞர், வயிற்றுப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். ஆரணியில் வாத்தியாராக இருந்த மாமாவின் கவிதைகளைக்கூட அவர் புண்ணியத்தில் அங்கே அச்சடித்தார்கள். அவருடைய சொந்தக் கவிதைகளைத்தான் யாரும் சீண்டவில்லை. தமிழிலாவது வரட்டும் என்று மாமா அவற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவரிடமிருந்து ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. மாமா சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் இல்லையாம். கவிதை நோட்டுகளை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். கடைசி வரியில் ஒரு சொல்லில் மாமா நின்றுவிட்டார். சலிப்பா, வெறுப்பா, விரக்தியா? ஒன்றும் பொருந்தவில்லை. "பெஸோர், பெஸோர்" என்று முனகினார்.

"தறியில பாவு நூல் அறுந்தா அப்பா சொல்வாரே மாமா, பேஜாரா கீதுன்னு. அதானா?" என்றேன்.

ஐயோ, மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! என்னைத் தூக்கிக்கொண்டு தறியில் இருந்த அப்பாவிடம் ஓடினார். "மாப்ள, இத்தினி நாளா நீங்க உஸ்பெக்கு பேசிகினு இருந்திருக்கீங்க!"

"அப்ப அந்தாளுக்கும் பாவு அறுந்துபோச்சா?" என்றார் அப்பா. வீடே சிரித்தது.

அன்றே மாமா ஆறு பக்கம் பதில் எழுதினார். பாரசீகத்தில் பிறந்த சொல் அங்கே எப்படிப் போனது, நவாபு காலத்தில் ஆற்காடு வழியாக எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று முழுக்கதை. ஓரத்தில் நான் ஒரு தறி வரைந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அடுத்த கடிதம் அவருடைய மகளிடமிருந்து வந்தது. "அப்பா உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சிரித்தார். அந்த வாரமே நோட்டுகளை அடுப்பில் போட்டார். இப்போது அவரும் இல்லை."

"ஆறு பக்கம் எழுதினேனே, நீ எப்டி கீறேன்னு ஒரு வரி கேக்கலயே" என்று மாமா அம்மாவிடம் சொல்லி அழுதார். அதன்பிறகு அவர் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதி அலுத்துப்போய், "பேஜாரா கீது மாமா" என்றேன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "என்னாம்மா ஆச்சி? மாமாகிட்ட சொல்லு." வீட்டுப்பாடத்துக்குப் போய் மனுஷர் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஒரே சிரிப்பு. நல்ல விளையாட்டு கிடைத்துவிட்டது. வேண்டுமென்றே அடிக்கடி சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் மாமா ஓடிவந்தார்.