முந்தைய முகவரி

என் மேசை இழுப்பறையில் மடிப்பு விழுந்த ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் நான் தயாரித்த நாற்பது கேள்விகள். மறுபக்கம் பென்சிலால் வரைந்த இரண்டு வரிசைச் சதுரங்கள். அந்த மறுபக்கத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை, எழுபத்தெட்டு வயதிலும் தீரவில்லை.

ரப்பர் தோட்டம் மூடப்பட்டபின் அதன் தொழிலாளர்கள் எங்கெங்கு குடியேறினார்கள் என்று நானும் டீச்சரும் அவரவர் வழியில் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அவர் என் சக விரிவுரையாளர்; எல்லாரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த அரசாங்க எழுத்தரின் மகன். அவர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்தவர். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில், பாலுக்காக ரப்பர் மரம் வெட்டி ஓய்ந்த அக்கா ஒருவரிடம் 'முந்தைய முகவரி?' என்று கேட்டேன்.

"லயத்துக்கு ஏது சார் அட்ரஸு? கணக்கெழுதுற கிராணி எங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஓடுவோம், அவ்வளவுதான்லா."

கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். டீச்சர் என் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பிப் போட்டார்.

"அக்கா, உங்க வாசல்ல நின்னா எதுத்தாப்புல யாரு வீடு?"

அக்கா பென்சிலை வாங்கி வாசல் வாசலாக வரைந்தார். இந்த வீட்டார் பீடோருக்குப் போனார்கள், அந்த வீட்டார் பாகான் செராய்க்கு என்று அவர் சொல்லச் சொல்ல, டீச்சர் சதுரங்களுக்குள் எழுதினார். என் கேள்விகளால் ஓராண்டாகப் பிடிக்க முடியாத ஒரு லயமே, தேநீர் ஆறுவதற்குள் தாளில் வந்து நின்றது.

நகலெடுத்துத் தருகிறேன் என்று டீச்சரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டேன். பிறகு தொலைந்துவிட்டது என்றேன். டீச்சர் மறுபடி புந்தோங் போனபோது அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. யாரை எங்கே தேடுவது என்று தெரியாமல் டீச்சரின் ஆய்வு நின்றது. என் கேள்வித்தாள்கள் புத்தகமாயின.

சென்ற மாதம் ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போய்த் தாளைக் கொடுத்து, ஒளித்தது நான்தான் என்றேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலையும் விரலால் தொட்டுப் பெயர்களைப் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

"முகவரி இன்னும் எழுதலையா சார்?"

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே யாரப் போயி தேடுறது? இதுல முக்காவாசிப் பேரு போயிட்டாங்க. நீங்களே வச்சுக்குங்க."

கொண்டுவந்து மறுபடி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அந்த வாசல்களில் நின்று நின்று போன அவர் விரலைப் பார்த்தபோதும், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.