கேட்காமல் சொன்ன பதில்

பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டும் நல்லம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைமையாசிரியரையே தட்டைக் கழுவி வைக்கச் சொல்பவள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டாள். அது ஒன்பது வருஷமாக அவளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டியது.

எண்பத்தாறில் தங்கை சீதாலெட்சுமிக்குக் கழுத்திலும் அடிவயிற்றிலும் கட்டிகள். கிள்ளான் விஜயனுக்குப் பரிசம் போட்டிருந்த நேரம். புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்னதும், அந்தப் பெயரை அவளிடம் சொல்லவேண்டாம், பயத்திலேயே செத்துப்போவாள் என்று நல்லம்மாள் கெஞ்சினாள். தங்கையிடம் காசநோய்க் கட்டி என்று சொல்லிவைத்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்காள் வைத்ததுதான் சட்டம்.

கதிர் சிகிச்சைக்கு முன்னால் டாக்டரம்மா நல்லம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். அடிவயிற்றில் கதிர் பட்டால் சினைப்பை இரண்டும் கெட்டுப்போகும். முன்கூட்டியே ஆப்பரேஷன் செய்து, கதிர் படாத பக்கமாக அவற்றை ஒதுக்கித் தைத்தால் பிள்ளை பிறக்க வழி இருக்கலாம். உறுதி சொல்ல முடியாது. சிகிச்சை பத்து நாள் தள்ளிப்போகும். தங்கையைக் கேட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

கேட்டால் எதற்கு என்பாள். எதற்கு என்று சொன்னால் நோயின் பெயர் வெளியே வரும். பாவி, வார்டு பக்கமே போகவில்லை. கீழே போய் ஒரு மைலோ வாங்கிக் குடித்தாள். திரும்பி வந்து, "வேணாங்கிறா டாக்டர்" என்றாள்.

சீதாலெட்சுமி பிழைத்தாள், கல்யாணமும் நடந்தது. மாதவிலக்கு மட்டும் நின்றது நின்றதுதான். மருந்துச் சூடு, சரியாகிவிடும் என்றாள் நல்லம்மாள். தங்கை அதை நம்பிப் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள்.

ரீசஸ் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வரும்போதெல்லாம், அந்தக் கூட்டத்தில் விஜயன் காதும் தங்கை நெற்றியுமாக ஒரு பெண்பிள்ளை நிற்கும். நல்லம்மாள் தட்டை நீட்டுவாள், ஆள் இருக்காது. வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. தொண்ணூற்றைந்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பினஃபோர் சீருடை போட்டிருந்தது.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் வீட்டில் வெங்காயம் உரித்தபடியே சீதாலெட்சுமி சொன்னாள்:

"அது கேன்சர்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. ஆஸ்பத்திரி வாசல் போர்டுலயே எழுதியிருந்துச்சே. நீ ஒடஞ்சு போயிருவேன்னுதான் ஒண்ணும் கேக்கல."

நல்லம்மாள் உரித்த வெங்காயத்தையே மறுபடி எடுத்து உரித்தாள். அப்படியானால் கேட்டிருக்கலாம். அன்றைக்கே மாடியேறிப் போய்க் கேட்டிருக்கலாம்.

"வேற எதையும் மறைக்கலயேக்கா?" தங்கை சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இல்ல. மறைக்கிறதுக்கு வேற என்னா இருக்கு" என்றாள் நல்லம்மாள்.